பிரான்ஸ் மண்ணுக்கும் தோஷம்

அந்த ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் ஆஸ்டின் டவுனில் மண்ணுக்கு ஜாதகம் பார்த்தார்கள். மனிதர்களுக்குப் பார்த்து முடித்துவிட்டார்கள் போலும். காலை ஏழு மணிக்கே சமுதாயக் கூடத்து வாசலில் நீண்ட வரிசை. ஆளுக்கொரு டிபன் டப்பா. உள்ளே இட்லி இல்லை, வீட்டு மண்.

மண்ணானந்தர் என்ற சாமியார் வந்திருந்தார். எந்த மண்ணையும் பிரான்ஸ் மண்ணாக்குவாராம். மொட்டைமாடியிலேயே உலகத்தர ஒயின் திராட்சை காய்க்குமாம். அவருடைய வீடியோவைப் பரப்பியவர்கள் ஐ.டி. கம்பெனி இளைஞர்கள். கோடிங்கில் ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடிப்பவர்கள், இதில் ஒரு பிசகையும் காணவில்லை.

சடங்கு எளிமையானது. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கலந்த திராட்சைச் சாறு, ஊதா நிறம். அதில் பக்தரின் மண் ஒரு சிட்டிகை. மேலே ஒரு ஸ்பூன் வெள்ளை ‘சுத்திப் பொடி’. சாறு நுரைத்துப் பொங்கிப் பச்சையாகிவிடும்.

“தோஷம் கொதிக்குது பாருங்க,” என்பார் சாமியார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பரிகாரம்? இருக்கிற கொடியை வேரோடு பிடுங்கிவிட்டு, மந்திரித்த பிரான்ஸ் மண் ஆறு மூட்டை வாங்கிக் கொட்ட வேண்டும்.

ஓய்வுபெற்ற தபால்காரர் டெஸ்மண்டின் தம்ளரும் பச்சையானது. வீட்டு வாசலில் அவர் நட்ட திராட்சைக் கொடி இருபது வருஷமாகக் காய்க்கிறது. கிறிஸ்துமஸ் ஒயினுக்குத் தெருவே அதைத்தான் நம்பியிருக்கிறது. மனிதர் நேரே வீட்டுக்கு வந்து கடப்பாரையைத் தூக்கினார்.

மனைவி ஜூடித் குறுக்கே வந்து நின்றாள். பள்ளியில் புவியியல் டீச்சர்.

“கொடி உங்கள என்ன பண்ணிச்சு டெஸ்மண்ட்?”

“அது நிக்கிற மண்ணுக்குத் தோஷமாம். பொடி போட்டதும் சாறு பொங்கிப் பச்சையாச்சு. அதான் நம்ம ஒயின் புளிக்குது.”

“பழுக்கறதுக்கு முன்னாடியே பறிச்சா புளிக்காம என்ன செய்யும்? அதைக் கீழ வைங்க. ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக்கிட்டு என்கூட வாங்க.”

கூடத்தில் ஜூடித் நேராக மேடைக்குப் போனாள். “சாமி, உங்க பிரான்ஸ் மண்ணையும் ஒரு சிட்டிகை போட்டுக் காட்டுங்க.”

“புனித மண்ணுக்குச் சோதனை கிடையாதம்மா.”

முன்வரிசையில் ஹரிஷ்குமார் இருந்தான். ஆறாவது மாடி ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கட்டி மூட்டை புக் செய்திருந்தவன். அவனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த இன்ஜினியர் கண் விழித்தார். “மேடம் சொல்றது கரெக்ட். டெஸ்ட் பண்ணாம எப்படி டெலிவரி எடுக்கறது?” அவனே மூட்டையைப் பிரித்து, ஒரு சிட்டிகை மண்ணும் ஒரு ஸ்பூன் பொடியும் போட்டான்.

பொங்கியது. பச்சை.

“ஃப்ளைட்ல வந்த மண்ணு, களைப்பா இருக்கு,” என்றார் சாமியார்.

ஜூடித் அடுத்த தம்ளரில் மண்ணே போடவில்லை. வெறும் பொடி. அதுவும் பச்சை.

“இப்ப யாருக்குத் தோஷம் சாமி, தம்ளருக்கா?” எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். பச்சை போய் இளஞ்சிவப்பு வந்தது. “உங்க பொடி வெறும் ஆப்ப சோடா. சோடா பட்டா திராட்சைச் சாறு பச்சையாகும், புளிப்பு பட்டா சிவக்கும். எங்க ஏழாங்கிளாஸ் பசங்க தினம் நாலு தோஷம் எடுப்பாங்க.”

கூட்டம் சிரித்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது.

“அப்போ ஒயினுக்கு பிரான்ஸ் மண்ணே வேணாமா மேடம்?” ஹரிஷ்குமாருக்குச் சந்தேகம் தீரவில்லை.

“நந்தி மலைப் பக்கம் நம்ம மண்ணுலயே விளையுதே. பகல் வெயில்ல பழத்துல சர்க்கரை ஏறும். உயரமான இடம், ராத்திரி குளிரும், அதனால புளிப்பு மொத்தமா போகாது. தண்ணி தேங்காத மண்ணு, வேர் அழுகாது. பழுக்கறப்ப மழை வந்தா பழம் வெடிக்கும்னு, மாசம் பார்த்துக் கொடிய வெட்டிக் கவாத்து பண்றாங்க. மண்ண மூட்டை கட்டலாம் தம்பி. வெயிலையும் குளிரையும் எதுல கட்டுவீங்க?”

சாமியார் தியானத்துக்கு நேரமாகிவிட்டதென்று பின்வாசலுக்கு நழுவினார். அங்கே டெஸ்மண்ட் நின்றிருந்தார்.

“அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துட்டுத் தியானம் பண்ணுங்க சாமி.”

மதியம் வரை தியானம் தொடங்கவில்லை. கைக்கு வந்த பணத்தோடு ஜனங்கள் ஏதோ பரிசு விழுந்தமாதிரி ஒருவரையொருவர் தட்டிக்கொண்டு போனார்கள். ஏமாந்து கொடுத்தது தங்கள் பணம்தான் என்பதுகூட மறந்துவிட்டது.

‘உன் மண்ணையும் காட்டு’ என்று கேட்க இத்தனை பேரில் ஒருத்திதான் இருந்தாள். கேள்வி கேட்க இந்த ஊரில் இன்னும் கட்டணம் வைக்கவில்லை ஐயா. கேட்காமல் இருப்பதற்குத்தான் நாம் வரிசையில் நின்று பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.