பூண்டுக் கொட்டகையில் கராத்தே

வில்பட்டியில் எங்களுக்கு மூன்று தொல்லைகள். உறைபனி, காட்டுமாடு, பெல்ட். முதல் இரண்டும் வெயில் ஏறினால் போய்விடும். பெல்ட் போகமாட்டான்.

காய்கறி ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறான். திண்டுக்கல்லில் வேலை பார்த்தபோது கராத்தே படித்துக் கறுப்பு பெல்ட் வாங்கினானாம். அதை ஸ்வெட்டருக்கு மேலே கட்டிக்கொண்டுதான் கேரட் மூட்டை தூக்குவான். பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

போன மார்கழியில் என்னிடம் வந்து நின்றான். சனி, ஞாயிறு காலையில் மட்டும் கராத்தே வகுப்பு நடத்தப் போகிறானாம். என் பூண்டுக் கொட்டகை வேண்டுமாம். உத்திரம் முழுக்க விதைப்பூண்டு கட்டித் தொங்குகிறது, கால் பட்டால் உதிரும் என்றேன்.

"மொத மாசம் கும்புடுறது மட்டுந்தாண்ணே. ரெண்டாம் மாசம் இடுப்பு வரைக்கும் ஒதைப்போம். நீங்க பூண்ட எடுத்தப்பறம் தலைக்கு."

பூண்டைப் பார்த்துப் பாடம் வகுத்தவன் இவன் ஒருத்தன்தான். சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

அவன் பொண்டாட்டி அப்படி விடவில்லை. முதல் நாள் ஒரு ஆள்கூடச் சேராவிட்டால் அந்த பெல்ட்டை அவிழ்த்துப் பசுமாட்டைக் கட்டிவிடுவேன் என்றாள். சொன்னால் செய்கிறவள். இவனும் ஒத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் நிம்மதியாக ஒரு டீ குடித்து நான் பார்க்கவில்லை.

தரைக்கு மெத்தை வேண்டும் என்று சாக்குகளைத் தைத்துப் பரப்பினான். எல்லாம் தோட்டத்துக்குக் கோழி எரு வந்த சாக்கு. காய்ந்திருக்கும்போது நாற்றம் தெரியவில்லை. மூடுபனி உள்ளே இறங்கியதும் தெரிந்தது. கழுவு என்றேன். ஓடையில் நின்று கழுவினான். அந்தக் குளிரில் எது காயும்? அடுப்புப் புகையில் தொங்கவிட்டான். அதன் பிறகு எருவும் புகையும் சேர்ந்து அடித்தது.

ஃப்ளெக்ஸ் போர்டில் ஆகாயத்தில் உதைக்கிற மாதிரி அவன் படம். பிக்கப் மேலிருந்து குதித்தபோது எடுத்தது. பின்னால் இருந்த கேரட் மூட்டையும் படத்தில் விழுந்திருந்தது. பெருமாள்மலையிலிருந்து ஒருவர் போன் போட்டார். கேரட் என்ன விலை என்று கேட்டார்.

முதல் நாள் வந்தது. வெள்ளனே புல்லெல்லாம் உறைபனி. இவன் வெறுங்காலில் நிற்கிறான். ஒருவரும் வரவில்லை. கடைசியில், பஸ்சுக்குப் போகிற மூன்று பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கொடைக்கானல் காட்டேஜ்களில் அறை பெருக்குகிறவர்கள். மூத்தவள் பாப்பாத்தி அக்கா கேட்டாள்.

"காட்டுமாடு எதுக்க வந்தா எங்கன அடிக்கணும் தம்பி?"

ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். இவன் நின்று யோசித்தான்.

"அடிக்கக் கூடாதுக்கா. சத்தமில்லாம ஒதுங்கி, வெரசா ஓடிறணும்."

"அதத்தான தெனமும் பண்ணிக்கிட்டுக் கெடக்கோம்."

கிளம்பிவிட்டார்கள். இவன் கை பெல்ட் முடிச்சுக்குப் போனது. பிறகு என்ன நினைத்தானோ, அவர்கள் பின்னாலேயே போய், சரிவில் எப்படி ஓடுவீர்கள், ஒரு தடவை ஓடிக் காட்டுங்கள் என்றான். பாப்பாத்தி அக்கா நாலு எட்டில் சேலை தடுக்கி உட்கார்ந்தாள். இவன் சிரிக்கவில்லை. ஒரு சாக்கை இடுப்பில் சேலையாகச் சுற்றிக்கொண்டு, கொசுவத்தை எங்கே செருகுவது, சரிவில் பாதத்தை எப்படித் திருப்பி வைப்பது என்று ஓடிக் காட்டினான். அடுத்த தடவை அக்கா விழாமல் கீழே போய்ச் சேர்ந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"நாளைக்கும் உண்டா தம்பி?"

வில்பட்டியில் கராத்தே வகுப்பு தொடங்கியது இப்படித்தான். இன்றுவரை அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஓடுகிறார்கள். என் கொட்டகை நாறுகிறது.

எனக்கு முட்டி வலி. ஓட்டமெல்லாம் ஆகாது. இருந்தாலும் சனி, ஞாயிறு வெள்ளனே போய் வரிசையில் கடைசியாக நிற்கிறேன். அவன் தலை எண்ணும்போது ஒன்று குறையக் கூடாது.