கறுத்துப்போன போனுக்குக் காட்டிய முகம்

ஒரு நிமிட வீடியோ பார்க்கக் குந்தியவன் ஒரு நிமிடத்தில் எழும்பியதாக எங்கள் உடையார்கட்டு ஊரில் சரித்திரம் இல்லை. நானும் எழும்பவில்லை. குந்திய இடம்தான் பிழை. அது என் அண்ணரின் செத்தவீடு.

அண்ணருக்கு ஒரே மகன், சுதன். பிரான்சில் இருக்கிறான். விசா இல்லை, வர முடியாது. காலையிலேயே எனக்குப் போன் எடுத்தான்.

"சித்தப்பா, பெட்டி மூட முன்னம் வீடியோவில வாறன். அப்பான்ரை முகத்தை ஒருக்காப் பாக்கோணும்."

"ஓம் தம்பி."

பிறகு போனோடு மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போய்க் குந்தினேன். ஒரு நாய் கறுப்புக் கண்ணாடி போட்டு லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஓட்டியது. ஒருவன் மீன் பொரித்தான். ஒருவன் வாழைத்தோலில் வழுக்கி விழுந்தான். (சிரிக்கவில்லை. அழவும் இல்லை. விரல் மட்டும் தள்ளிக்கொண்டிருந்தது. அங்கே குந்தியிருக்கும்வரை அண்ணர் சாகவில்லை என்பதுபோல இருந்தது.)

பெட்டி மூடக் கூப்பிட்டார்கள். ஓடினேன். சுதன் வந்தான், கண் வீங்கியிருந்தது. அவன் அதுவரை கண்டது பந்தல் கூரையும் என் மூக்கும்தான்.

"சித்தப்பா, கொஞ்சம் கிட்டக்..."

போன் கறுத்துவிட்டது. சார்ஜ் முடிந்துவிட்டது.

அப்போதே சொல்லியிருந்தால் வேறு போன் தந்திருப்பார்கள். சொல்லவில்லை. வெட்கம். செத்த போனை அண்ணரின் முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றேன். அண்ணி அதைப் பார்த்து ஓவென்று அழுதா.

"சுதன், வடிவாப் பாரடா அப்பாவை! நித்திரை மாதிரிக் கிடக்கிறார்!"

பக்கத்து வீட்டு மச்சான் வேறு, "காலையும் காட்டு, பொடியன் கும்பிடட்டும்" என்றார். (காலையும் காட்டினேன்.)

மூடிவிட்டார்கள்.

சுடலையால் வந்தபோது வாசல் படலையில் மனைவி நின்றா, கையில் தன் போனோடு. சுதன் அதற்குத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறான். பறைச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

"இஞ்சேருங்கோ, நீங்கள் ஆருக்குக் காட்டினீங்கள்?"

கிணற்றடிக்குப் போனேன்.

சுதன் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். இப்போதும் எப்போது எடுத்தாலும் அவனுடைய முதல் கேள்வி, "சித்தப்பா, சார்ஜ் கிடக்கோ?" அண்ணி சிரிப்பா, மனைவி சிரிப்பா, நானும் சிரிப்பேன். ஊரில் எந்தச் செத்தவீட்டிலும் பெட்டி மூடும் நேரம் யாராவது சொல்லுவார்கள்: "போனை அவரிட்டைக் குடுத்திடாதேங்கோ."

சிரித்து முடிய சுதன் குரலைத் தாழ்த்திக் கேட்பான்:

"அப்பான்ரை முகம் எப்பிடி இருந்தது, சித்தப்பா?"

ஒவ்வொரு முறையும் சொல்லுவேன். நாடியில் கொஞ்சம் வெள்ளைமயிர், சவரம் செய்தவன் விட்டுவிட்டான். உதடு ஒரு பக்கம் இழுபட்டிருந்தது, சிரிக்க வெளிக்கிட்டவர் மாதிரி.

போன கிழமை கேட்டான்: "எந்தப் பக்கம்?"

யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவில் இல்லை.

"இடப்பக்கம், தம்பி" என்றேன்.