நான்காவது தடவைக்குச் சிவப்பு விளக்கு

பெருமதிப்புக்குரிய மாமாவுக்கு, உங்கள் தங்கையின் மூத்த பிள்ளை பணிவோடு எழுதிக்கொள்வது.

நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், கையில் தரவு எதுவும் இல்லை. என் நலம் பற்றிச் சொன்னால், உடம்பு சாதாரணம், தூக்கம் நான்கு மணி நேரம், வேலை திங்கட்கிழமை காலை பத்து மணி வரை உறுதி. அதற்கு மேல் என்னால் உத்தரவாதம் தர முடியாது. நேற்று நீங்கள் போனில், "மேனேஜரையே யூரின் டெஸ்டுக்கு அனுப்பினியாமேடா? நான் சொல்லி வாங்கிக் குடுத்த வேலைடா அது!" என்று மூன்று தடவை கூப்பிட்டுக் கேட்டீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மூன்று தடவையும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். இன்று மாலை உங்கள் ஊருக்கு வரும் நண்பன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடிதம் நீங்கள் கத்தினாலும் தொடர்ந்து பேசும்.

நீளமாகப் படிக்கும் பொறுமை நம் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது என்பதால் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மேலாளர் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டும். எனக்காக வேண்டாம், நான் வேறு வேலை தேடிக்கொள்வேன். பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும், நாங்கள் எல்லோரும் கியர் என்று கூப்பிடும் கியர் அண்ணனுக்காகப் பேசுங்கள். பத்தொன்பது வருடமாக அந்த வண்டியை ஓட்டுகிறவர், திங்கட்கிழமை அவர் மேல் விசாரணை, வேலை போய்விடும். குற்றச்சாட்டு, போதையில் வண்டி ஓட்டினார் என்பது. மாமா, அந்த மனுஷன் டீயில் சர்க்கரை கூடினாலே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்! அவரைப் போதைக்காரர் ஆக்கியது யார் தெரியுமா? நான். நான் செய்த கருவி. முழுசாகக் கேளுங்கள்.

எங்கள் தொழிற்சாலையில் பாட்டில் மூடி செய்கிறோம், அங்கே மின்கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு புதுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்குவதால் அவருக்குப் பெயரே விசில். வந்த அன்றே கேன்டீன் சுவரில் ஒரு சுவரொட்டி ஒட்டினார். போதைப்பொருள் எடுப்பவரின் அறிகுறிகளாம்: கண் சிவத்தல், கை நடுக்கம், எரிச்சல், கவனமின்மை, அடிக்கடி கழிப்பறை போதல், காரணமில்லாத சிரிப்பு. பன்னிரண்டு மணி நேரம் மோல்டிங் மெஷின் முன்னால் நிற்கிற எவனுக்கும் இதில் கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் இருக்கும் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம், கழிப்பறைக் கதவில் ஒரு கார்டு ரீடரும் காந்த சுவிட்சும் மாட்டினால் யார் எத்தனை தடவை போகிறார்கள் என்று சுலபமாக எண்ணலாமே என்பதுதான். விசில் கேட்டார், நான் இரண்டே நாளில் மாட்டிவிட்டேன். ஒரு ஷிப்டுக்கு மூன்று தடவை வரை பச்சை விளக்கு. நான்காவது தடவைக்குச் சிவப்பு, கூடவே ஒரு பஸ்ஸர். சிவப்பு விழுந்தால் அந்த ஆளுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை. சத்தியமாகச் சொல்கிறேன் மாமா, அருமையான கருவி. ஒரு எண்ணிக்கைகூடத் தப்பாது!

அப்போது தொழிற்சங்கக்காரர்கள் ஒரு துண்டறிக்கை போட்டார்கள். தொழிலாளியின் ரத்தத்தை உறிஞ்சுகிறார்களாம். நானே நேரில் போய், "தோழர், தகவல் தப்பு. அவங்க ரத்தம் கேக்கல, யூரின்தான் கேட்டாங்க" என்று திருத்தம் சொன்னேன். சங்கச் செயலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ யார் பக்கம் தம்பி?" என்றார். "நான் டேட்டா பக்கம்" என்றேன். நீங்கள் அடிக்கடி சொல்வீர்களே, தப்பு செய்யாதவனுக்குச் சோதனையைக் கண்டு என்ன பயம் என்று, அதையும் அங்கே அப்படியே ஒப்பித்தேன். சுரண்டல், உரிமை என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். எண்ணிக் காட்டாத எதையும் நான் நம்புவதில்லை. அதனால் நானே எண்ணினேன். அங்கேதான் வினை பிடித்தது.

விளக்கு மாட்டிய அதே வாரம் மேலாளர் பத்து நிமிட இடைவேளை இரண்டை எடுத்துவிட்டு, பதிலுக்கு ஆளுக்கு இரண்டு டப்பா உற்சாக பானம் இலவசம் என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினோம், நானும் தட்டினேன். ஓர் ஆளுக்கு இருபது நிமிடம், மொத்தம் இருநூற்றுப் பத்து பேர், ஒரு நாளைக்கு எழுபது மணி நேரம்! அதாவது எங்கள் பட்டறையில் கண்ணுக்கே தெரியாத கிட்டத்தட்ட ஆறு பேர் சம்பளம் இல்லாமல் ஒரு முழு ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். சங்கக்காரர்கள் இந்த ஒரு கணக்கைத் துண்டறிக்கையில் போட்டிருந்தால் நான் அன்றைக்கே வாயை மூடியிருப்பேன். அது போகட்டும். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் காஃபின் அளவு போட்டிருக்கிறது, படித்துப் பாருங்கள். கண் சிவக்கும், கை நடுங்கும், ஓயாமல் சிறுநீர் வரும். சுவரொட்டியில் இருக்கும் வியாதியை நிறுவனமே குளிரவைத்துக் கையில் கொடுக்கிறது.

முதல் சிவப்பு விளக்கு கியர் அண்ணனுக்கு விழுந்தது. பழைய ஸ்டோர் ரூம்தான் சாம்பிள் அறை. அங்கே இருக்கும் நர்ஸ் அவர் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "முழுசா குடிங்க, அப்பத்தான் வரும்" என்றார். குடித்தார், வந்தது, சோதித்தார்கள், சுத்தம். ஆனால் குடித்த ஒரு லிட்டர் எங்கே போகும் மாமா? ஒரு மணி நேரத்தில் மறுபடி போனார், சிவப்பு, பஸ்ஸர், விசில், இன்னொரு லிட்டர், சாம்பிள், சுத்தம், மறுபடி சிவப்பு! மைக்கை ஸ்பீக்கருக்கு நேராக நீட்டினால் கீ என்று அலறுமே, அதேதான் இது. அறைக்குள் போன மனுஷன் வெளியே வரவே வழி கிடையாது. அன்று மாலைக்குள் நாலு சாம்பிள், நாலும் சுத்தம். விசில் அதைப் பார்த்துவிட்டு, "நாலு தடவையும் கிளீன்னா இவன் பெரிய கில்லாடிய்யா. எதையோ மறைக்கிறான்" என்று லாக்கரைத் திறக்கச் சொன்னார். உள்ளே சட்டைக்கு அடியில் பாதி வெட்டிய மாத்திரை அட்டை ஒன்று, பெயர் இருந்த பகுதி இல்லை. "மச்சானோட தலைவலி மாத்திரைங்க" என்றார் கியர் அண்ணன். அவர் முகத்தைப் பார்த்தாலே பொய் என்று தெரிந்தது. விசில் அட்டையை எடுத்துப் பையில் போட்டு முத்திரை வைத்தார்.

அடுத்த நாளிலிருந்து கியர் அண்ணனுக்குப் பச்சையோ பச்சை. ஏழு எட்டு தடவை போய்க்கொண்டிருந்தவர் ஷிப்டுக்கு ஒரே ஒரு தடவைதான் போனார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் கருவி ஒரு மனிதனைத் திருத்திவிட்டது என்று நினைத்தேன்! அதைப் படம் பிடித்து அம்மாவுக்குக்கூட அனுப்பினேன். போன வியாழக்கிழமை அவர் ஃபோர்க்லிஃப்டோடு போய்ப் பெட்டி அடுக்கில் மோதினார். ஒன்றரை லட்சம் மூடி! பட்டறை முழுக்க நீல மூடி உருளுகிறது, ஆளாளுக்கு வழுக்கி விழுகிறார்கள், நடுவில் வண்டிச் சீட்டில் கியர் அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், விசில் அங்கேயே நோட்டை எடுத்து 'போதை' என்று எழுதுகிறார்.

கூட்டம் கலைந்த பிறகு நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, காலையில ஆறு மணியிலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் ஒரே தடவை. நீங்க மனுஷனா, ஒட்டகமா?"

"கட்டுப்பாடு தம்பி. மனசு வச்சா முடியும்."

"மனசு வைக்கிற இடம் அது இல்லண்ணே. ஷூ லேஸ் ஏன் கட்டல?"

"காத்தோட்டமா இருக்கட்டும்னு..."

குனிந்து, வீங்கியிருந்த அவர் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது, விழுந்த குழி அப்படியே நின்றது. அவரே சொன்னார்.

"தண்ணி மாத்திரை தம்பி, உடம்புல தேங்கற நீரை வெளியேத்தறது. இதயம் கொஞ்சம் சோம்பேறி ஆயிடுச்சுன்னு டாக்டர் குடுத்தாரு, ரெண்டு வருஷமா போடறேன். போட்டா ஏழு தடவை போகணும், உங்க லைட்டு மூணு தடவைதான் விடுது. லாக்கரத் திறந்த அன்னியோட நிறுத்திட்டேன்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்லண்ணே!"

"யாருகிட்ட? இதயம்னு சொன்னா வண்டிய விட்டு இறக்கிடுவான். அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க."

உங்க லைட்டு என்றார் மாமா. கம்பெனி லைட்டு என்று சொல்லவில்லை. அப்படியே அவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோனேன். இவர் இனிமேல் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டலாமா கூடாதா என்று கியர் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டேன், ஏனென்றால் கூடாது என்றால் நானும் விசில் பக்கம்தான். "மாத்திரை போட்டா ஓட்டலாம். நிறுத்திட்டு ஓட்டறதுதான் ஆபத்து. எந்த முட்டாள் நிறுத்தச் சொன்னது?" என்றார் மருத்துவர். நான் கையைத் தூக்கினேன். ஒரு வாரம் ஓய்வு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். புரிகிறதா மாமா? போதை ஆபத்து என்று ஒரு விதி போட்டு, அந்த விதியாலேயே ஓட்டுநர் மருந்தை நிறுத்தி, அதனாலேயே விபத்து!

மேலாளர் உங்களிடம் சொல்லியிருப்பார், நேற்று காலை நான் கேன்டீன் மேஜை மேல் ஏறியது உண்மைதான். கரும்பலகை உயரத்தில் இருந்தது, வேறு வழியில்லை. பானம், நான்காவது தடவை, ஒரு லிட்டர், மறுபடி சிவப்பு என்று அம்புக்குறி போட்டு வட்டமாக வரைந்து விளக்கிக்கொண்டிருந்தபோது மேலாளர் வந்துவிட்டார். அதிகாரிகள் கழிப்பறையில் கதவு மட்டும்தான், சென்சார் கிடையாது. நான் கார்டை நீட்டி, "சார், ஒரே ஒரு நாள் எங்க பாத்ரூமை யூஸ் பண்ணிப் பாருங்க" என்றேன். இருநூறு பேர் பார்க்கிறார்கள், அவரால் என்ன செய்ய முடியும்? "குடுய்யா கார்டை. எனக்கு மறைக்க ஒண்ணும் இல்ல" என்று கழுத்தில் மாட்டிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் இரண்டு டப்பாவையும் ஒரே மூச்சில் குடித்தார்.

பதினொன்றே காலுக்குச் சிவப்பு விழுந்தது! அதுவும் மூடி வாங்க வந்த வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நிற்கும்போது. விசில் நேர்மையான மனுஷன், மாமா, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஊதினார். மேலாளரை ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப் போய், ஒரு லிட்டர் கொடுத்து, விதிப்படி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பின்னால் நின்றார். அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளேயிருந்து மேலாளரின் குரல் மட்டும் வந்தது.

"யோவ், நீ பின்னாடி நின்னா எப்படிய்யா வரும்? வெளியில போய்யா!"

நான் வெளியிலிருந்து, "சார், அதுக்குப் பேருதான் அடிப்படை உரிமை!" என்று கத்தினேன். கத்தியிருக்க வேண்டாம்தான். ஆனால் மாமா, இத்தனை நாள் எனக்கே புரியாத ஒன்று அந்த நிமிடம் பளிச்சென்று புரிந்துவிட்டது, எப்படி அடக்குவேன்? தப்பு செய்தவன், செய்யாதவன் என்பதெல்லாம் அந்த அறைக்குள் ஒரு பொருட்டே இல்லை. பின்னால் ஓர் ஆள் நின்றால் யாருக்கும் வராது.

கடைசியில் வந்தது. நர்ஸ் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு பட்டையையும் நனைத்துப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, "பாசிட்டிவ் சார்" என்றார். மேலாளர் மூன்று நாளாக இருமல் மருந்து குடித்துக்கொண்டிருக்கிறாராம். "இருமல் மருந்துய்யா! டாக்டர் எழுதிக் குடுத்தது!" என்று அவர் அலற, விசில் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "எல்லாரும் இப்படித்தான் சார் சொல்றாங்க."

நடந்தது இவ்வளவுதான். மாலையில் மேலாளர் உங்களைக் கூப்பிட்டுப் புகார் சொல்லியிருக்கிறார், திங்கட்கிழமை விசாரணையில் கியர் அண்ணனோடு என் பெயரையும் சேர்த்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்பதாக இல்லை. நீங்கள் பேசும்போது மூன்றே விஷயம் சொன்னால் போதும்: கியர் அண்ணனின் மருந்துச் சீட்டை ஏற்க வேண்டும், அவரை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும், கழிப்பறைக் கதவிலிருந்து அந்தக் கருவியைக் கழற்ற வேண்டும். கழற்றுவதை நானே செய்கிறேன். இனி என் வாழ்நாளில் மனிதர்களை எண்ணுகிற கருவி எதையும் என் கையால் செய்யமாட்டேன். இது உறுதி.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், முழங்கால் வலிக்கு விளம்பரம் பார்த்து எதையும் வாங்கிப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். உங்கள் கோபம் தணிந்த பிறகு ஆசீர்வாதம் செய்யுங்கள், அவசரமில்லை.

என்றும் உங்கள் அன்புக்கும் அவ்வப்போது திட்டுக்கும் உரிய,
மருமகன்.

பின்குறிப்பு: நண்பனுக்காகக் காத்திருக்கும்போது எழுதுகிறேன். நீங்கள் யாரிடமும் பேச வேண்டாம், மேலே கேட்ட எதுவும் தேவையில்லை! விதிப்படி விசில் மேலாளரின் முடிவைத் தலைமை அலுவலகத்துக்கு நேற்றே அனுப்பிவிட்டாராம். இருமல் மருந்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மொத்தத் திட்டத்தையும் கைவிடுவது தவிர மேலாளருக்கு வேறு வழியில்லை. மருத்துவர் சீட்டு இனி எல்லோருக்கும் செல்லும், விசாரணை ரத்து, கருவியை மதியமே கழற்றிவிட்டேன். கியர் அண்ணனுக்குச் சம்பளத்தோடு ஒரு வாரம் விடுப்பு. இப்போதுதான் என் அறைக்கு வந்துவிட்டுப் போனார். "தம்பி, நான் இல்லாத ஒரு வாரம் என் வண்டியில கண்டவனும் ஏறுவான். கழட்டினீங்கள்ல அந்த சென்சார், அதை சீட்டுக்கு அடியில மாட்டிடுங்க. எவன் உக்காந்தான், எத்தனை நிமிஷம் உக்காந்தான், எல்லாம் எனக்கு வரணும்" என்றார். அண்ணே, இது அநியாயம், அவர்களுக்கும் உரிமை இருக்கிறது என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். "சென்சார் அவங்களுக்குத்தானே தம்பி, எனக்கு இல்லையே" என்கிறார். முடியவே முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் மாமா, காந்த சுவிட்சுக்குப் பதிலாக எடை சென்சார் வைத்தால் கார்டே வேண்டாம், உட்காரும் கனத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்! படம் பாதி வரைந்துவிட்டேன்.