மூச்சு முட்டிய கம்ப்யூட்டரும் என் பட்டமளிப்புப் படமும்

என் உடம்பில் உயிர் இருக்கும்வரை என் பட்டமளிப்புப் படம் எங்கள் முன்னறையைவிட்டு வெளியேறாது. கல்யாணமான முதல் வாரமே என் மனைவியிடம் இதை அறிவித்துவிட்டேன்.

சின்னப் படம் இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். "வர்றவன் போறவன் எல்லாருக்கும் தெரியணும்" என்று அப்பா போட்ட ஃபிரேம், கதவில் பாதி இருக்கும். வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கி. அதற்குள் மிரண்டுபோய் நான்.

"ஏங்க, லைட்டைப் போட்டா யாரோ கறுப்பா நிக்கிற மாதிரி திக்குனு இருக்கு."

"அது உன் புருஷன்தான்."

"அதான் இன்னும் பயமா இருக்கு. அந்த இடத்துல ஒரு கண்ணாடி மாட்டினா அறையே வெளிச்சமா இருக்கும்."

"படம் அறையைவிட்டுப் போகாது."

"சரிங்க."

அவள் 'சரிங்க' என்றால் நான் ஜெயித்துவிட்டேன் என்று அர்த்தம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அவளே வந்து சொன்னாள். "ஆணி ஆடுதுங்க. விழுந்தா சில்லு சில்லாப் போயிடும். படத்தை இறக்கி, கம்ப்யூட்டருக்குப் பின்னாடி சாத்தி வச்சிருக்கேன். அறையைவிட்டு வெளிய போகலை, பாத்துக்குங்க."

என் கொள்கையை எப்படி மதிக்கிறாள்! நான் உருகிப்போனேன்.

கம்ப்யூட்டரும் உருக ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், பொசுக்கென்று அணைந்துவிடும். ஆறவிட்டால் மறுபடி ஓடும். பெட்டியின் மேல் சட்டையை விரித்தால் இஸ்திரி போட்டே கொடுத்துவிடும், அவ்வளவு சூடு. லேசாகக் கருகல் நெடி வேறு. நேற்று சாயங்காலம் அதில்தான் எனக்கு வேலைக்கான நேர்காணல். இப்போது இருப்பது ஒப்பந்த வேலை. இது நிரந்தரம். நான் வாயைத் திறக்கும்போது அது கண்ணை மூடிவிட்டால்?

"கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிடுங்களேன்."

"பட்டதாரி இருக்கிற வீட்டுக்குக் கடைக்காரர் எதுக்கு?"

"நீங்க படிச்சது விலங்கியல்ங்க."

"படிப்பு படிப்புதான்."

ஆனாலும் நான் ஜாக்கிரதைக்காரன். இணையத்தில் ஒன்றுக்கு நாலு தடவை படித்துவிட்டுத்தான் கையை நீட்டினேன். குற்றவாளி பவர் சப்ளை. வீட்டு மின்சாரத்தை வாங்கி மற்ற பாகங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. பிளக்கைப் பிடுங்கினாலும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், பிரிக்கவே கூடாது என்று போட்டிருந்தது. பிரிக்கவில்லை. எனக்கு வாழ ஆசை.

பிளக்கைப் பிடுங்கி, கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டை மட்டும் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். அரை மூட்டை வந்தது. மேசை விசிறியை எதிரே வைத்தேன். ஆன் செய்தேன். ஓடியது. கைதட்டினேன். அணைந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். நேர்காணலுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

"என்ன டாக்டர், பேஷன்ட் எப்படி இருக்கு?"

"மூச்சு முட்டுது. தூசியெல்லாம் எடுத்துட்டேன். காத்தும் கொடுக்குறேன். இன்னும் என்னதான் வேணுமோ!"

"மூச்சு இழுக்குற பக்கம் பாத்தீங்க. விடுற பக்கம் பாத்தீங்களா?"

கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

பின்னால் கையை விட்டேன். அனல்! பவர் சப்ளையின் விசிறி சூட்டையெல்லாம் பின்பக்கம்தான் வெளியே தள்ளுகிறது. தள்ளுகிற ஓட்டையில் பிளாஸ்திரி ஒட்டினதுபோல அப்பிக்கொண்டு நிற்கிறது என் படம். ஒரு வாரமாக அத்தனை அனலும் என் மூஞ்சியில். அங்கிக்குள் நான் வியர்த்திருந்தேன்.

"கண்டுபிடிச்சிட்டேன்!"

"அப்படியா! என்னங்க?"

விளக்கினேன். விலங்கியலையும் சேர்த்து விளக்கினேன். வாயைப் பிளந்து கேட்டாள். படத்தை உருவினேன், மேசையைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தினேன், பெட்டியை ஆறவிட்டு ஆன் செய்தேன். ஓடியது. நேர்காணல் முழுக்க ஓடியது. "நெருக்கடியில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். சற்று முன் நடந்ததை அப்படியே சொன்னேன். சிரித்தார்கள். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள்!

நான் எழுந்து நின்றபோது கூரை தலையில் இடிக்காதது ஆச்சரியம்.

"படத்தைப் பழையபடி பின்னாடி சாத்திடட்டுங்களா?"

"தொடாதே! கம்ப்யூட்டருக்கு மூச்சு வேணும்."

"ஆணி ஆடுதே. வேற எங்க வைக்கிறது? அறையைவிட்டு வெளிய போகக் கூடாதே."

"யார் சொன்னது?"

"நீங்கதாங்க."

"அது விவரம் தெரியாத காலத்துல சொன்னது. பரண்ல போட்டுடலாம்."

"ஐயையோ, மாமா கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்? வேண்டாங்க."

"அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். இது தொழில்நுட்ப முடிவு. உனக்குப் புரியாது."

"சரிங்க."

நானே ஸ்டூல் போட்டு ஏறி, என்னை நானே பரணில் தள்ளினேன். வாசலுக்குப் போய் அப்பாவுக்கு போன் போட்டேன். வேலை கிடைத்ததைச் சொன்னேன். படத்தை இடம் மாற்றியது என் தனிப்பட்ட முடிவு, அவளைக் குறை சொல்லக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தேன்.

அறையே வெளிச்சமாக இருந்தது. படம் இருந்த சுவரில் பெரிய கண்ணாடி. அதில் ஜெயித்தவன் ஒருவன் முழுசாகத் தெரிந்தான்.

"இது எப்ப வாங்கினது?"

"போன வாரங்க."

கிட்டே போய்க் கண்ணாடியை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். என் படத்தைப்போல இரண்டு மடங்கு கனம். மாட்டியிருந்தது அதே ஆணியில்.

ஆணி ஆடவே இல்லை.