சின்னதொர, இதக் கொஞ்சம் புடி

“அந்த நாய் எங்க நாய்தான் சார். அவுத்து உடுங்க.”

இந்த ஒன்றை மட்டும் சொல்லவே கூடாது என்று தென்றலின் அப்பா பஞ்சநாதன் எச்சரித்திருந்தார். வீட்டின் மேல் கேஸ் விழுந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கும் அரசாங்க வேலை போய்விடும் என்று டீக்கடையில் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் அவள். அவர் பயந்துவிட்டார்.

வனத்துறை அலுவலகத்தில் வனவர் முத்தமிழ்செல்வன் நோட்டை மூடினார். வெளியே வேப்பமரத்தடியில் சிட்டு கட்டிக் கிடந்தது. சிப்பிப்பாறை நாய், எப்போதுமே ஒட்டிய வயிறு, இப்போது இன்னும் ஒட்டியிருந்தது. முன்னால் வைத்த சோற்றில் எறும்பு மொய்த்தது.

“முயலக் கவ்வின நாய்ம்மா அது. வேட்டைக்கு உட்டது யாரு?”

“யாரும் உடல. அதுவா அவுத்துக்கிட்டு ஓடிருச்சு.”

“ஆளோடயா? மூணு நாளு முன்னாடி, ரஞ்சன்குடி பக்கம் மக்காச்சோளக் காடு. மார்கழிப் பனி, நீட்டுன கை தெரியல. நாய்க்கும் முயலு தெரியல, ஆளுங்க விசிலடிச்சே ஓட்டுறானுங்க. அந்தச் சத்தத்த வச்சு நான் போயி வரப்புல நிக்கிறேன். குரங்குக் குல்லா போட்ட ஒருத்தன் முயலக் கவ்வின நாயோட வந்தான். ‘சின்னதொர, இதக் கொஞ்சம் புடி, ஒண்ணுக்குப் போயிட்டு வரேன்’னு, என்னயக் கூட வந்த ஆளுன்னு நெனச்சு கயித்த என் கையில குடுத்தான். நானும் புடிச்சேன். அரை மணி நேரம் நிக்கிறேன், ஆளு வரல.”

தென்றலுக்குச் சிரிப்பு முட்டியது. அதை விழுங்கும் அவசரத்தில், “அது எங்கப்பா இல்ல” என்றாள்.

“உங்கப்பான்னு நான் சொல்லவே இல்லியேம்மா.”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். இதைச் சரிக்கட்ட ஒரே வழிதான் தெரிந்தது.

“நாந்தான் சார் அது.”

“ஆம்பளக் கொரலு.”

“பனியில தொண்ட கட்டியிருந்துச்சு.”

“சுருட்டு நாத்தம் அடிச்சுது.”

“குளுருக்குப் பழகிக்கிட்டேன்.”

“ஏம்மா, வரப்போரமா ஒண்ணுக்குன்னு...”

“ஏன் சார், பொம்பளைங்களுக்கு வராதா?”

வனவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு குரலை இறக்கினார். “ஒரு நாய்க்காக ஏம்மா இப்புடிப் பொய்யா அடுக்குற? வேற குட்டி வாங்கி வளத்துக்க.”

அவரிடம் எதைச் சொல்ல? போன மார்கழியில் அம்மா கமலவேணி செத்தாள். சாவு வீட்டில், கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், “இன்னும் ரெண்டு நாள் முன்னாடி டவுனுக்குக் கொண்டு போயிருந்தா பொழச்சிருக்கும்” என்று தென்றல் அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். சொன்னது உண்மை. அன்றோடு நேர்ப்பேச்சு நின்றது. அதன் பிறகு எல்லாம் நாய் வழியாகத்தான். “சிட்டு, சோறு ஆறுதுன்னு சொல்லு.” “சிட்டு, அவள வண்டியப் பாத்து ஓட்டச் சொல்லு.” அம்மா இல்லாத ஒரு வருசத்தை அந்த வீடு இப்படித்தான் கடந்தது. நாயைப் பற்றி வாய் திறக்காதே என்று அவர் எச்சரித்ததுகூட, நாய் இல்லாத முளைக்குச்சியைப் பார்த்துத்தான். அதற்கப்புறம் மூன்று நாளாக வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டுமே.

“அது இல்லன்னா எங்க வூட்டுல பேச்சே இல்ல சார்” என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. “அப்ப நீதான் வேட்டையாடுனன்னு எழுதிக் குடு, நாய உடுறேன்” என்று தாளை நகர்த்தினார். மிரண்டு ஓடிவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

அவள் எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லை. பத்தி பிரித்து எழுதினாள்.

“கையெழுத்து அச்சு மாரி இருக்கே. என்ன படிச்சிருக்க?”

“பி.காம். வேலைக்கு செலக்ட் ஆயிருக்கேன்.”

அவர் பேனாவைப் பிடுங்கினார். “அட கிறுக்குப் புள்ள! போலீஸ் வெரிஃபிகேஷன் வருமே! கிழிச்சுப் போட்டுட்டு ஓடு. நீ வரவும் இல்ல, நான் பாக்கவும் இல்ல.”

“நாயோட போகலாமா?”

“அது எப்புடி? அது கேசுல இருக்கு.”

“அப்ப பேனாவக் குடுங்க.”

“வேலை போயிரும்மா.”

“தெரியும் சார். பேனா.”

கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

“கூட்டிட்டுப் போ. கூப்புடுறப்ப நாய கோர்ட்டுக்குக் கொண்டாரணும்” என்றார் அவர்.

“ரெண்டு பேரும் வர்றோம்.”

மரத்தடியில் முடிச்சை அவிழ்த்தாள். சிட்டு எழுந்து, தள்ளாடி, அவள் உள்ளங்கையில் மூக்கை வைத்து நின்றது. “வா, வூட்டுல ஒரு ஆளு சாப்புடாம கெடக்கு” என்று அதனிடம் சொன்னாள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டை நோக்கி நடந்தாள்.

உள்ளே வனவர் தாளை எடுத்து உரக்கப் படித்தார். “தென்றல், தகப்பனார் பெயர் பஞ்சநாதன்...”

டீ கொண்டுவந்த துப்புரவுக்காரி புஷ்பவல்லி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“பஞ்சநாதனா? நேத்து நீங்க ரோந்து போயிருந்தப்ப அந்த ஆளுதான சார் வந்து, நாயும் என்னுது, வேட்டைக்குப் போனதும் நாந்தான், எனக்குப் பொண்ணு கிண்ணுன்னு யாருமே கெடையாதுன்னு ரேஞ்சர் ஐயாகிட்ட கைநாட்டு வச்சுட்டுப் போனாரு!”