பதினோரு குமார்களும் ஒரு நனையாத குளியலும்

ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வீசத் தொடங்கிவிட்டால், எங்கள் பக்கத்தில் யாரும் முழுதாக விழித்திருப்பதில்லை. வெயில் என்றும் சொல்ல முடியாமல் மழை என்றும் சொல்ல முடியாமல் நாள் முழுக்கச் சாரல் தூவிக்கொண்டிருக்கும். பஸ் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். டிரைவரும் அவரைக் கேட்காமல் மலையைப் பார்ப்பார். எங்கள் ஊர்க்காரர்களின் பெரிய பெரிய முட்டாள்தனங்கள் எல்லாம் இந்த அரைத்தூக்கத்தில்தான் நடந்திருக்கின்றன. நானும் அப்படி ஒரு சாரல் நாளில்தான், மூட்டு ஆபரேஷன் ஆன ஒரு மனிதரை அவர் வீட்டுக் கூடத்திலேயே அருவியில் குளிக்க வைத்தேன். அவர் எனக்குப் பெண் கொடுக்க வேண்டியவர்.

என் பெயர் குமார். ஊர் இலஞ்சி. சென்னையில் மூன்று வருடம் குப்பை கொட்டிவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்ன அன்றே பெட்டியைக் கட்டியவன். வேலை, வீடியோ கேம் செய்வது. அது போக, ராப்பகலாக உட்கார்ந்து சொந்தமாக ஒரு கேமும் செய்து வைத்திருந்தேன். பெயர் 'அருவி'. ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் நேராக ஐந்தருவிக்கு அடியில் போய் நிற்கலாம். அண்ணாந்தால் தண்ணீர் விழும். சத்தமும் கேட்கும். "குளிக்காமலே குளிக்கலாம்" என்று அதற்கு ஒரு வாசகம்கூட எழுதி வைத்திருந்தேன். (அப்போது எனக்கு அது பெரிய தத்துவமாகத் தெரிந்தது.)

செண்பகம் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். நாங்கள் காதலித்ததே சண்டை போட்டுத்தான். வியர்க்காமல் ஆடுவதை விளையாட்டு என்று சொல்லலாமா கூடாதா என்று ஆரம்பித்தது, ஒன்றரை வருடம் முடியவே இல்லை. கடைசியில் வீட்டில் பேச வரச்சொன்னபோது அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"எங்க அப்பா சரின்னு சொன்னாத்தான் நானும் சரின்னு சொல்லுவேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. எதுத்து எதுத்துப் பேசிராதீங்க. செங்கோட்டையிலருந்து ஒரு டாக்டர் சம்பந்தம் வேற வந்து நிக்கி."

"நான் எதுக்கு எதுத்துப் பேசப்போறேன்?"

"பாத்தீங்களா, இப்பவே பேசுதீங்க."

ஆடி பிறக்க நான்கே நாள் இருந்தது. பிறந்துவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா, அம்மாவோடு வடகரைக்குப் போனேன். கையில் பூவும் பழமும் அம்மா வைத்திருந்தாள். நான் ஹெட்செட் பெட்டியை வைத்திருந்தேன்.

காரணம் இருந்தது. செண்பகத்தின் அப்பா திருமலையப்பன் மாமாவுக்கு நாலு கோட்டை விதைப்பாடு வயலும் தென்னந்தோப்பும் உண்டு. ஆனால் அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் முதலில் சொல்வது அதை இல்லை. சீசன் தொடங்கிய நாளிலிருந்து முடிகிற நாள்வரை தினமும் விடிகாலையில் ஐந்தருவியில் குளிக்கிறவர் என்றுதான் சொல்வார்கள். பங்குனியில் அவருக்கு மூட்டில் ஆபரேஷன். வழுக்குகிற இடத்துப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மலையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, மனிதர் வீட்டில் கம்பை ஊன்றி நடந்து, பாத்ரூமில் வாளித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அருவியையே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறோம் என்று நினைத்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, தட்டுகளில் அல்வாவும் மிக்சரும் வைத்திருந்தார்கள். மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செண்பகத்தின் தாய்மாமா பரமசிவம். பேச்சுக்குப் பேச்சு எண்ணெய் ஊற்றுவதற்கென்றே பிறந்தவர்.

"தம்பி என்ன வேலை பாக்கீய?" என்று திருமலையப்பன் மாமாதான் ஆரம்பித்தார்.

"கேம் பண்ணுதேன் மாமா."

"பண்ணுதீயளா, வெளையாடுதீயளா?"

"பண்ணிட்டு, நானே வெளையாண்டு பாக்கணும் மாமா."

என் அப்பா விட்டத்தைப் பார்த்தார். நான் நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு 'அருவி'யைப் பற்றிச் சொன்னேன். அதில் குளிக்கலாம் என்றேன்.

"நனையுமா?"

"நனையாது மாமா."

"அப்பம் அதுக்குப் பேரு குளியல் இல்ல தம்பி. பாக்கது."

இந்த இடத்தில் 'ஆமாம் மாமா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. உள் அறையிலிருந்து செண்பகம் தொண்டையைச் செருமினாள். அது எனக்கு உற்சாகப்படுத்துவது மாதிரிக் கேட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, தோல், நரம்பு, மூளை என்று ஆரம்பித்துவிட்டேன். தண்ணீர் படுவது தோலில்தான், ஆனால் குளிப்பது மூளை என்றேன். குளிக்கிறது என்றாலே உடம்பைக் குளிரவைப்பதுதான், எப்படிக் குளிர்ந்தால் என்ன என்றேன். என் குரலை நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பம் கனாவுல குளிச்சா தல தொவட்டணுமா?" என்று கேட்டார் பரமசிவம் மாமா.

திருமலையப்பன் மாமா சிரிக்கவில்லை. கம்பை ஊன்றி மெதுவாக எழுந்தார்.

"தம்பி அடிச்சுச் சொல்லுதாவ. சோதிச்சுப் பாத்திருவோம். குளியல்னு ஆயிட்டா, முறையாக் குளிக்கணும். வள்ளி, நல்லெண்ணெயும் தோர்த்தும் எடுத்துட்டு வா."

வள்ளி அத்தை, "சம்பந்தம் பேச வந்தவாள வச்சுக்கிட்டு என்னங்க இது?" என்றாள். அதற்குள் அவர் சட்டையைக் கழற்றிவிட்டார். வேட்டியை அவிழ்த்து அந்த மெல்லிய துண்டைக் கட்டிக்கொண்டார். பரமசிவம் மாமா சொம்பில் எண்ணெயை வாங்கித் தலையிலிருந்து கணுக்கால்வரை தேய்க்க ஆரம்பித்தார். என் அம்மா சுவரில் தொங்கிய காலண்டரில் ஆனி மாதத்தை ஒவ்வொரு நாளாகப் படித்தாள்.

எண்ணெய் பட்டால் ஹெட்செட் கெட்டுவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குளியல்தான் என்று அரைமணி நேரம் வாதாடியவன், எண்ணெய் தேய்க்காதீர்கள் என்று எப்படிச் சொல்வேன்? போதாததற்கு மாமா, "குளுருமா?" என்று கேட்டுவிட்டார். உடனே ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, போர்வையை நனைத்துக் கொடியில் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் ஸ்டாண்டு ஃபேனைப் போட்டேன். கூடமே ஈரமாகிவிட்டது.

மாமாவை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்செட்டை மாட்டினேன். எண்ணெய்த் தலையில் அது நிற்காமல் மூக்குக்கு நழுவியது. கையால் பிடித்துக்கொண்டேன்.

அவர் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. போர்வை வழியாக வந்த ஈரக்காற்று எங்கள் எல்லோர் மேலும் பட்டது. வெளியே தென்னை ஓலையில் சாரல் விழுகிற சத்தமும், ஹெட்செட்டுக்குள்ளிருந்து கசிந்த தண்ணீர்ச் சத்தமும் ஒன்றாகி, எது எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. நல்லெண்ணெய் வாசம் கூடம் முழுக்க இருந்தது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாகூடக் கண்ணை மூடிக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரண்டு நிமிடம் நாங்கள் யாரும் வடகரையில் இல்லை.

"ஏலே, எத்தன நேரம்லே நிப்ப? நவுந்து நில்லு, எண்ண வச்சவங்க நிக்கோம்லா?" என்று அதட்டினார் மாமா.

கேமில் நிற்கிற ஆளைத்தான் அதட்டினார். அடுத்துக் குழம்பினார். "என்னடே இது? இவனும் அவன மாதிரியே இருக்கான். அந்தப் பக்கம் நிக்கவனும் அதே மூஞ்சி. தம்பி, இது எல்லாம் நீருலா?"

அதுவும் உண்மைதான். மனித உருவத்தை ஒவ்வொன்றாகச் செய்யச் சோம்பல்பட்டு, என் உருவத்தையே பதினோரு முறை ஒட்டிவைத்திருந்தேன். ஐந்தருவியில் பதினோரு குமார்கள் வெறும் துண்டோடு குளித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு பொண்ணுக்குப் பதினோரு மாப்பிள்ளையா?" என்றார் பரமசிவம் மாமா. செண்பகம் உள்ளே சிரித்தது எனக்குக் கேட்டது. ஆகா, தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மாமா எழுந்தார். கம்பு இல்லாமல் எழுந்தார். அருவிக்குள் நுழைகிறவர்கள் தண்ணீர் அடியைத் தாங்குவதற்குச் செய்வதுபோல இரண்டு கையையும் சேர்த்துத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டார். பங்குனிக்குப் பிறகு அவர் கம்பில்லாமல் நிற்பதை வீட்டில் யாரும் பார்த்ததில்லையாம். வள்ளி அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். நானோ "மாமா, உக்காருங்க" என்று சொல்ல வேண்டியவன், என் கேமின் வெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தருவியில் குளிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி உண்டு. நான் கேமிலும் அதை வைத்திருந்தேன். மாமா ஓரெட்டு முன்னால் வைத்து அந்தக் கம்பியைப் பிடித்தார். கையில் சிக்கியது ஸ்டாண்டு ஃபேன்.

ஃபேன் கொடியையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது. நனைந்த போர்வை என் அம்மாவின் தலைமேல் விழுந்தது. அல்வாத் தட்டுக்குள் ஃபேன் போய்ப் படுத்துக்கொண்டது. நான் பாய்ந்து மாமாவைப் பிடித்தேன். எண்ணெய் தேய்த்த உடம்பு, பிடிக்க ஓரிடம் இல்லை. விரால் மீன் மாதிரி என் கைக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு நாற்காலியில் விழுந்தார். 'மளுக்' என்று ஒரு சத்தம். ஹெட்செட் தனியாகப் பறந்து வாளித் தண்ணீருக்குள் போய் முங்கியது. அன்றைக்கு உண்மையிலேயே குளித்தது அது ஒன்றுதான்.

உடைந்தது நாற்காலிக் கால் என்று தெரிவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. அவமானம் எல்லாம் பிறகு வந்தது. அப்போது இருந்தது வெறும் பயம். அந்த மனிதர் நடப்பதற்காக நாலு மாதம் பட்ட பாட்டை நான் நாலு நிமிடத்தில் கெடுத்துவிட்டேனே என்கிற பயம். செண்பகம் ஓடி வந்து அப்பாவின் முட்டியைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

மாமா தரையில் மல்லாந்து கிடந்தபடி வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"குளியல் இல்ல."

"ஏன் மாமா?" என்றேன். (அப்போதும் கேட்டேன். என்னை என்ன செய்வது?)

"அருவில குளிச்சா பசிக்கணும்லே. வயித்தக் கிள்ளணும். எனக்குப் பசிக்கல."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் அப்பீல் கிடையாது. அருவியில் நின்றுவிட்டு வந்தவன் இலையில் எதை வைத்தாலும் தின்பான் என்பது குழந்தைக்கும் தெரியும். நரம்பு, மூளை எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் நிற்கவில்லை. என் அப்பா அன்று அந்த வீட்டில் பேசிய ஒரே வார்த்தையைப் பேசினார்.

"கெளம்புவோம்."

காப்பி குடிக்காமல் வந்தோம். மாமாவின் முட்டி வீங்கி, இரண்டு வாரம் படுக்கை. அவருக்கு மருந்து வாங்கும் கடையிலெல்லாம் என் பெயர் அடிபட்டதாகக் கேள்வி. செண்பகம் ஒரே ஒரு செய்தி அனுப்பினாள்: 'அப்பா நடக்கட்டும். அதுவரைக்கும் எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க.' ஆடி முழுக்க நான் ஜன்னலோரம் உட்கார்ந்து சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'அருவி'யைத் திறக்கவே இல்லை. அந்தப் பதினோரு பேரையும் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆவணியில் ஒருநாள் விடிகாலை போன் வந்தது. "தம்பி, டாக்டர் போலாம்னுட்டாரு. ஐந்தருவிக்கு வாரும். தோர்த்து கொண்டு வாரும்."

போனேன். மாமா கம்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். பரமசிவம் மாமா எனக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டார். மாமா என் தோளைப் பிடித்துக்கொள்ள, ஓரமாக விழுகிற தண்ணீருக்குள் இருவரும் போனோம். தலையில் முதல் அடி விழுந்ததுமே எனக்கு யோசிப்பது நின்றுவிட்டது. என் பெயர்கூட மறந்துவிட்டது. வெள்ளையாக ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்குள்ளே என் தோளில் அவர் கை மட்டும் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. ஆறு மாதம் உட்கார்ந்து நான் செய்ததில் இது எதுவுமே இல்லை என்பது தெரிந்தது.

வெளியே வந்ததும் மாமா என்னை இட்லிக் கடையில் உட்காரவைத்தார். என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு இட்லி, எட்டு இட்லி, பிறகு இரண்டு வடை. பன்னிரண்டாவது இட்லியை நான் சாம்பாரில் முக்கியபோது கடைக்காரரிடம் திரும்பி, "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வையும்" என்றார்.

தை மாதம் கல்யாணம் ஆனது. அதிலிருந்து நான் புதிதாக எதைச் செய்து காட்டினாலும், போனில் எந்த அதிசயத்தைக் காட்டினாலும், மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் வயிற்றைத் தடவிக்கொண்டு, "ம்ஹூம், பசிக்கல" என்பார். இப்போது வீட்டில் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. செண்பகம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்குக்கூட அப்படித்தான் தீர்ப்புச் சொல்கிறாளாம்.

போன மாதம் எங்கள் கல்யாண வீடியோவை டி.வி.யில் போட்டோம். தாரைவார்க்கிற இடத்தில் செண்பகத்தின் கையைப் பிடித்து என் கையில் வைத்த பிறகும் மாமா தன் கையை எடுக்காமலே நிற்பது பெரிதாகத் தெரிந்தது. பரமசிவம் மாமா திரும்பி, "என்ன அத்தான், பசிக்குதா?" என்று வம்பிழுத்தார். மாமா எழுந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே நேராக அடுக்களைக்குப் போய், "வள்ளி, திங்க என்ன இருக்கு?" என்றார்.