கிளாஸில் பரிமாறிய கொத்துரொட்டி

ஒரு மொழி தெரியாதவளால் யாருக்கும் பெரிய ஆபத்து இல்லை. தெரியும் என்று நினைக்கிறவளிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவில் நான் அந்த இரண்டாவது ரகம். (என் மனுசனைக் கேட்டால் இன்றைக்கும் அதே ரகம் என்பார்.)

நான் வேலை செய்த வீட்டு எசமானியம்மாவின், அதுதான் சின்யோராவின், மகளுக்கு மாப்பிள்ளை பிரெஞ்சுக்காரன். அன்றைக்கு அவன் தகப்பன் முதல்முறையாக விருந்துக்கு வருகிறார். எனக்கோ வேறு கவலை. என் பெர்மெஸோவை, அதுதான் இங்கே இருப்பதற்கான அனுமதியை, புதுப்பிக்க சின்யோராவின் கையெழுத்து வேண்டும். மறுநாள் போடுவதாகச் சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

முடி அலங்காரத்துக்குப் புறப்பட்ட சின்யோரா வாசலில் நின்று இத்தாலியனில் சொன்னார்: "ஆட்டிறைச்சியோடை கொத்ரொத்தி. நேரத்துக்குத் திறந்து வை, மூச்சு விடட்டும். பெரிய கிளாஸிலை குடு, அரைவாசிக்கு மேலை நிரப்பாதை."

எனக்குப் புல்லரித்துவிட்டது. உடனே வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, சின்யோரா கொத்துரொட்டி கேக்கிறா!"

"உமக்கென்ன விசரே? அவவுக்கு அது எப்பிடித் தெரியும்?"

"போன மாசம் என்ரை சாப்பாட்டிலை ஒரு வாய் எடுத்தவ. அந்த நாக்கு மறக்குமே?"

மாக் குழைத்து, ரொட்டி சுட்டு, இறைச்சிக்கறியைப் போட்டு டக்கு டக்கென்று கொத்தினேன். மூச்சு விடட்டும் என்றாரே, மூடியைத் திறந்து ஆவி போகவிட்டேன். கிளாஸில் ஏன் என்று மட்டும் விளங்கவில்லை. (பணக்காரர் பாணி போல!)

விருந்தாளியோடு வந்து அமர்ந்த சின்யோரா, கையை விரித்து அறிவித்தார்: "உங்கடை மலையிலை இருந்தே வந்தது... கொத்ரொத்தி!"

நான் தட்டோடு நுழைந்தேன். பளபளக்கும் வைன் கிளாஸ்கள். ஒவ்வொன்றிலும் அரைவாசிக்குக் கொத்துரொட்டி, நடுவில் கரண்டி.

சின்யோராவின் வாய் திறந்தபடியே நின்றது. பிரெஞ்சுக்காரர்தான் கிளாஸைத் தூக்கிப் பார்த்துக் கேட்டார்.

"இது என்னம்மா?"

"கொத்துரொட்டி, ஐயா."

"இல்லை. கொத்ரொத்தி எங்கடை மலைச்சரிவிலை விளையிற வைன். அங்கை விளையாத எதுக்கும் அந்தப் பேர் வைக்கேலாது. அது சட்டம்."

சட்டம்! ஒரு பெயரைச் சொன்னதற்காக என் பெர்மெஸோவே போகப் போகிறது என்று நினைத்துக் கும்பிட்டேன். "பேரை நீங்களே வைச்சிருங்கோ ஐயா! நான் இனி ரொட்டி எண்டே சொல்லமாட்டன். பொலிசுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ!"

மனிதர் சிரித்துக்கொண்டே ஒரு கரண்டி வாயில் போட்டார். அது யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள். முகம் சிவந்து, கண்ணீர் கொட்ட, "வைன்! வைன்!" என்றார். அலுமாரியிலிருந்த போத்தலை அவசரமாகத் திறந்தார்கள். திறந்த வைன் காற்றில் மூச்சுவிட வேண்டுமாம்; அதற்கு நேரமில்லை. எனக்கும் மூச்சு வரவில்லை.

மறுநாள் காலை நாங்கள் குடியிருந்த அல்பெர்கேரியாவிலிருந்து அழுதுகொண்டே வேலைக்கு நடந்தேன். சின்யோரா என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்தைப் போட்டு நீட்டினார். "நீ போனபிறகு அவர் இன்னொரு கிளாஸ் கேட்டவர்," என்றார். வைனா, ரொட்டியா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இங்கேயே பிறந்த என் மகளுக்கு இந்தக் கதை மனப்பாடம். நான் ரொட்டியைக் கொத்தத் தொடங்கினால் போதும், ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள்.

"மம்மா, மெதுவாக் கொத்துங்கோ. பிரான்ஸுக்குக் கேட்டிடும்!"